வலியசாலையிலிருந்து பம்பாய் எத்தனை தூரம்?

நம் கிராமத்தில் தூரம் கேட்டால் நேரம் சொல்லுவார்கள். தம்பானூர் ஸ்டேஷன் எத்தனை தூரம் என்றால் "பத்து நிமிஷம்" என்பார்கள். கரமனை என்றால் "இருபது நிமிஷ நடை". ஃபர்லாங்கும் மைலும் பள்ளிக்கூடப் புஸ்தகத்தோடு சரி. இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. நம் பாஷையே அப்படித்தான் இருந்திருக்கிறது. நாழிகை என்பது 24 நிமிஷம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கக்கூடிய தூரத்தை "நாழிகை வழி" என்றார்கள், ஏறக்குறைய ஒன்றரை மைல். மலையாளத்தில் நாழிக என்ற சொல் மைலுக்கே பெயராகிவிட்டது. கடிகாரத்துக்கும் வழிக்கும் ஒரே வார்த்தை போதுமானதாக இருந்த காலம் அது.

இந்தச் சபையின் அங்கத்தினர்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளும் பெண்களும் இப்போது பம்பாயிலோ துபாயிலோ நியூஜெர்ஸியிலோ இருக்கிறார்கள். "அங்கேயிருந்து வர எத்தனை நேரம் ஆகும்?" என்ற கேள்வி நம் வீடுகளில் சும்மா கேட்கப்படுவதில்லை. பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கப்படுகிறது, அல்லது அதற்கும் பிறகு. அதனால்தான் இந்தத் தூரத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆயுசெல்லாம் கணக்குப் போட்டே காலம் தள்ளியவன் ஆனதால் நடுநடுவே எண்கள் வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சாஸ்திரத்திலிருந்து தொடங்குகிறேன். ஆசௌசம், அதாவது தீட்டு, பற்றிப் பேசும் தர்மசாஸ்திரத் தொகுப்புகளில் "தேசாந்தரம்" என்று ஒரு விஷயம் வரும். ஞாதி ஒருவர் தூரதேசத்தில் காலமான செய்தி தாமதமாகக் கிடைத்தால் எத்தனை நாள் தீட்டு என்று தீர்மானிக்க, எது தூரதேசம் என்று முதலில் தெரிந்தாக வேண்டும் அல்லவா? ரிஷிகள் இதற்கு ஒரே பதில் சொல்லவில்லை. நடுவில் பெரிய மலையோ மகாநதியோ குறுக்கிட்டால் தேசாந்தரம், பேச்சு மொழி மாறினாலும் தேசாந்தரம் என்கிறது ஒரு வசனம். யோஜனைக் கணக்கில் அறுபது என்பவரும் உண்டு, நாற்பது என்பவரும் உண்டு, முப்பது போதும் என்பவரும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு இலக்கணம்: பத்து ராத்திரிக்குள் செய்தி காதுக்கு எட்டாத இடம் எதுவோ அதுவே தேசாந்தரம். கோலை எடுத்துப் பூமியை அளக்காமல், செய்தி வந்து சேரும் நேரத்தைக் கொண்டே தூரத்தை அளந்திருக்கிறார்கள்.

இந்த இலக்கணங்களை நம் முன்னோர்களுக்கே பொருத்திப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் வந்து இங்கே குடியேறியவர்கள் நாம். நடுவில் ஸஹ்ய மலை; மலைக்கு இந்தப் பக்கம் மொழியும் வேறு. திருநெல்வேலியில் இருந்துவிட்ட பங்காளிக்கு வலியசாலையே தேசாந்தரம்தான். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த இடந்தான் என்று நாம் பெருமை பேசுகிறோம். நம் மகாதேவர் கோவிலுக்கும் காந்தளூர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். சோழன் படைக்கும் நம் பாட்டனார்களுக்கும் மலையைக் கடக்க வேறு வேறு வேகம் இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். கால், குதிரை, காளை, அவ்வளவுதான்.

மனுஷ்யர்களைவிடச் செய்தி கொஞ்சம் முன்னால் போயிற்று. திருவிதாங்கூருக்கென்று சொந்தமாக அஞ்சல் இலாகா இருந்தது. மணி கட்டிய கோலை எடுத்துக்கொண்டு ஓடும் அஞ்சலோட்டக்காரனுக்கு வழியில் எல்லோரும் ஒதுங்கி இடம் விட வேண்டும். அந்த மணியோசையைப் பற்றிச் சொல்லும் பெரியவர்கள் என் சிறு வயதில் நம் தெருவில் இருந்தார்கள். 1951இல் அஞ்சல் இலாகா இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது.

ரயில் நம்மிடம் மெதுவாகத்தான் வந்தது. 1904இல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் வரை மீட்டர் கேஜ் பாதை வந்துவிட்டாலும், திருவனந்தபுரத்துக்காரர்கள் மேலும் பதினான்கு வருஷம் காத்திருந்தார்கள். 1918 ஜனவரி 1ஆம் தேதி ரயில் இங்கே வந்தபோது அது நின்ற இடம் சாக்கை. தம்பானூருக்கு ரயில் வந்தது 1931 நவம்பர் 4ஆம் தேதிதான். அந்தப் பதிமூன்று வருஷமும் வலியசாலைக்காரர்கள் ரயில் பிடிக்க வண்டி கட்டிக்கொண்டு சாக்கைக்குப் போனார்கள். இன்று நாம் விமானம் பிடிக்கப் போவதும் அதே திசையில், அதே சாக்கைப் பக்கம்தான்!

ரயில் வந்த பிறகும் வடக்கே போவதற்கு மதுரை, திருச்சி என்று சுற்றிக்கொண்டு மதராஸ் போய்த்தான் திரும்ப வேண்டும். கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே பாதையே கிடையாது. எர்ணாகுளம்–கோட்டயம் 1956இலும், கோட்டயம்–கொல்லம் 1958இலும்தான் இணைந்தன. ஆகவே 1930களில் பம்பாய்க்குப் போகிறவர் மீட்டர் கேஜில் மதராஸ் எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு மூட்டை முடிச்சோடு வண்டி வைத்துப் போய், அங்கே பெரிய ரயில் ஏறி மேலும் 1,280 கிலோமீட்டர் போக வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கழுகு பறக்கிற வழியில் அளந்தால் திருவனந்தபுரத்துக்கும் பம்பாய்க்கும் சுமார் 1,255 கிலோமீட்டர்தான். மீதியெல்லாம் சுற்று வழி.

இந்தச் சுற்று வழிக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை ஒன்றைச் சொல்கிறேன். என் தாத்தாவின் அண்ணா, எங்களுக்குப் பெரிய தாத்தா, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு மற்ற கேரளத் தமிழ்ப் பிள்ளைகள் மாதிரியே பம்பாய்க்குப் போய் மாதுங்காவில் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கியிருந்தார். மாதுங்கா அப்போதே பாதி பாலக்காடு, பாதி தஞ்சாவூர். நம்மவர்கள் முன்நின்று சவுத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டியை 1932இல் அங்கே தொடங்கியிருந்தார்கள். 1936ஆம் வருஷம் தை மாதம் ஒரு விடியற்காலையில் வலியசாலையில் அவருடைய தாயார் காலமானாள். தந்தி அடித்தார்கள். தந்தி அன்று மாலையே பம்பாயில் கிடைத்துவிட்டது. அவர் கிளம்பி, மதராஸில் ஒரு பகல் காத்திருந்து, தம்பானூரில் வந்து இறங்கியபோது ஐந்தாம் நாள். ஸஞ்சயனம் வரை ஆகியிருந்தது. கொள்ளி வைத்தது இளையவரான என் தாத்தா. தொடங்கியவனே பத்து முடிக்க வேண்டும் என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டதால் மூத்தவர் பக்கத்தில் நின்று தர்ப்பணம் மட்டும் செய்தார். "மூத்தவன் நான் இருக்க" என்று அவர் ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை என்று பாட்டி சொல்லுவாள். ஆனால் அதற்குப் பிறகு வருஷா வருஷம் சிராத்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே பம்பாயிலிருந்து வந்து உட்கார்ந்துவிடுவாராம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செய்தி போக அரை நாள் கூட ஆகவில்லை. சாஸ்திரத்தின் பத்து ராத்திரிக் கணக்குப்படி 1936இலேயே பம்பாய் தேசாந்தரம் இல்லை! ஆனால் மனுஷ்யன் வந்து சேர நாலு நாளுக்கு மேல். செய்தியும் சரீரமும் ஒரே வேகத்தில் போன காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. விஷயம் தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்தும் வர முடியாமல் ரயிலில் உட்கார்ந்திருப்பது தந்தி கண்டுபிடித்த துக்கம்.

இன்னொரு விஷயம். அந்த 1936 தை மாதத்தில் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ஆகாய விமானம் பறக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தக் கதைக்கு வருகிறேன். 1929 மார்ச் 30ஆம் தேதி லண்டன் பக்கத்தில் கிராய்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி இந்தியாவுக்குத் தபால் விமானம் விட்டது. கராச்சி வந்து சேர ஏழு நாள், அதிலும் ஐரோப்பாவில் கொஞ்ச தூரம் ரயிலில். கராச்சி வரை பறந்து வந்த தபால் அங்கிருந்து தெற்கே ரயிலில் ஊர்ந்தது. இதைத்தான் நெவில் வின்சென்ட் என்ற, இங்கிலாந்து விமானப்படையில் இருந்த விமானி கவனித்தார். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மதராஸுக்குத் தபால் விமானம் விடும் யோசனையை அவர் டாட்டாவிடம் கொண்டுபோனார். ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு இருபத்தெட்டு வயசு. இந்தியாவில் முதல் விமானி லைசென்ஸ் அவருடையது, 1929 பிப்ரவரி 10ஆம் தேதி கொடுத்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி அவர் ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தில் 25 கிலோ தபாலை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து கிளம்பினார். அகமதாபாதில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன. பம்பாய் ஜுஹூவில் இறங்கித் தபாலை வின்சென்டிடம் ஒப்படைத்தார். வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுபோனார். முதல் வருஷத்தில் அந்தக் கம்பெனி பறந்தது 1,60,000 மைல், ஏற்றியது 155 பிரயாணிகள், லாபம் 60,000 ரூபாய். ஜுஹூ அப்போது கடலோரச் சேற்றுத் திடல். மழைக்காலத்தில் விமானம் இறங்க முடியாது என்று பூனாவுக்கு ஜாகை மாற்றிக்கொள்வார்களாம்.

திருவனந்தபுரம் இந்தப் படத்துக்குள் வந்தது 1935இல். சங்குமுகத்துக்குப் பக்கத்தில் விமானத் திடல் அமைந்ததற்குப் பின்னால் இருந்தவர் கோதவர்ம ராஜா, ஜி.வி. ராஜா என்று எல்லோருக்கும் தெரிந்தவர். பூஞ்ஞாற்றில் பிறந்து, கார்த்திகைத் திருநாள் லக்ஷ்மி பாயி தம்பிராட்டியை மணந்தவர். தாமே விமானம் ஓட்டக் கற்றவர். கோவளத்தையும் விளையாட்டு மைதானங்களையும் பற்றிப் பேசும்போது அவரை நினைக்கிறோம். விமான நிலையத்துக்காகவும் நினைக்க வேண்டும். 1971 ஏப்ரல் 30ஆம் தேதி அவர் காலமானதும் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில்தான்.

1935 அக்டோபர் கடைசியில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாள் ஒட்டி, டாட்டா கம்பெனியின் ஃபாக்ஸ் மாத் விமானம் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாக இங்கே வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் அதே நெவில் வின்சென்ட். வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு மகாராஜாவுக்கு அனுப்பிய வாழ்த்துக் கடிதம் அதில் இருந்தது. நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர் அஞ்சல் மூட்டையை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குத் திரும்பியது. சில கட்டுரைகளில் வின்சென்டை "இந்தியாவின் முதல் விமானி" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல, அந்தப் பட்டம் லைசென்ஸ் கணக்கில் ஜே.ஆர்.டி.க்குச் சேர வேண்டியது. ஜே.ஆர்.டி.யே இங்கே முதல் விமானத்தை ஓட்டி வந்தார் என்று நம் ஊரில் சிலர் சொல்வதும் அந்தக் குழப்பத்தின் மறுபக்கம்.

ஏன் கோவா, ஏன் கண்ணனூர்? வரைபடத்தில் அளந்து பார்த்தேன். பம்பாய்–கோவா, கோவா–கண்ணனூர், கண்ணனூர்–திருவனந்தபுரம் மூன்றும் ஏறக்குறைய சம தூரம், ஒவ்வொன்றும் 410 முதல் 430 கிலோமீட்டருக்குள். ஒரே எஞ்சின், 130 குதிரைச் சக்தி, துணி போர்த்திய மரச் சட்டம், இரட்டை இறக்கை. பெட்ரோல் நிரப்பினால் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போகும். பத்திரத்துக்கு ஒரு மிச்சம் வைத்துக்கொண்டால் நானூறு சொச்சத்தில் இறங்கத்தான் வேண்டும். வழி முழுக்கக் கடற்கரை. ராடார் இல்லாத காலத்தில் விமானிக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. கடல் வலது கைப்பக்கம் இருந்தால் தெற்கே போகிறான், இடது கைப்பக்கம் இருந்தால் பம்பாய்க்குப் போகிறான்.

ஃபாக்ஸ் மாத்தில் பிரயாணிகள் மூன்று நாலு பேர் முன்னால் மூடிய அறைக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். விமானி அவர்களுக்குப் பின்னால், மேலே, திறந்த குழியில், காற்றும் மழையும் முகத்தில் அடிக்க. இந்தக் காலத்து முதலாளிகள் வண்டி ஓட்டுபவருக்கு ஏர்கண்டிஷன் இருக்கிறதா என்று கேட்காதது புதிய வழக்கமில்லை போலிருக்கிறது! வேகம் மணிக்கு 145 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,255 கிலோமீட்டருக்கு ஆகாயத்தில் மட்டும் எட்டே முக்கால் மணி. இரண்டு இடத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டு ஏறுவதையும் சேர்த்தால் விடியற்காலையில் கிளம்பி அஸ்தமனத்துக்குள் வந்து சேரலாம். நாலு நாள் ஒரு பகலாகிவிட்டது.

அப்படியானால் பெரிய தாத்தா ஏன் அதில் வரவில்லை என்று சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். தாத்தா சிரித்தார். விமானம் தினமும் கிடையாது. ஸீட் மூன்று நாலு. அதிலும் தபால் மூட்டைக்குப் போக மீதி. கட்டணம் ஒரு ஸ்டெனோகிராபர் கேட்கக்கூடிய விலையில் இருந்திருக்காது. ஆகவே 1935இல் பம்பாய் கிட்டே வந்தது நம் கடிதங்களுக்கு மட்டும்தான். அதிலும் ஒரு நியாயம் இருந்தது: நம் வீடுகளில் அப்போது விமானத்தில் ஏறக்கூடிய ஒரே பொருள் கடிதம்தான். ஸ்வாதந்திரியத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் அப்படியே. 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானம் தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, டெல்லி, மதராஸ் நாலு ஊரிலிருந்தும் ராத்திரி கிளம்பும் விமானங்கள் நாகபுரியில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். நம் ஊர்க் கடிதங்கள் மதராஸ் வரை ரயிலில் போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. நாகபுரித் திடலில் நடுநிசியில் நடந்த அந்த மூட்டை மாற்றம் எத்தனை வரன்களையும் எத்தனை வேலை உத்தரவுகளையும் கைமாற்றியதோ! அதைப் பற்றி யாராவது தனியாகவே எழுத வேண்டும்.

டாட்டா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1948 ஜூன் 8ஆம் தேதி "மலபார் பிரின்ஸஸ்" பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போயிற்று. 1953இல் எல்லாம் அரசாங்கத்தின் கையில் வந்து, உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயிற்று. டகோட்டா, வைகௌண்ட், ஃபோக்கர், போயிங் என்று வரிசையாக வந்த விமானங்களைப் பற்றி நீட்டப் போவதில்லை. மணிக்கு 275 கிலோமீட்டர் போகும் டகோட்டாவுக்கு பம்பாய் நாலரை மணி. 800 கிலோமீட்டர் போகும் ஜெட்டுக்கு இரண்டு மணிக்கும் உள்ளே. இன்றைக்கும் அந்த ஜெட்டின் வேகந்தான். அரை நூற்றாண்டாக மாறவில்லை!

சங்குமுகம் திடலில் இன்னொரு விசேஷம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுதுகிறேன். பைங்குனி, அல்பசி இரண்டு உத்ஸவங்களிலும் பத்மநாபஸ்வாமி ஆறாட்டுக்கு சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் வழி விமானத்தின் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போகிறது. வருஷத்தில் அந்த இரண்டு நாளும் சாயங்காலம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடி, விமானங்களின் நேரத்தை மாற்றி, விமானிகளுக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்புகிறார்கள். வாஹனங்களும் வாள் ஏந்திய மகாராஜாவும் போலீஸும் யானையும் தாரோட்ட மைதானத்தைக் கடக்கும் அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். 363 நாள் விமானத்துக்கு, இரண்டு நாள் பெருமாளுக்கு என்று மகாராஜா அப்போதே சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2021 அக்டோபரில் விமான நிலையத்தின் நிர்வாகம் தனியார் கைக்குப் போன பிறகும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. நடந்தே போகும் ஸ்வாமிக்காகத் துபாய் விமானம் காத்திருக்கிறது.

துபாய் என்றதும் வளைகுடா ஞாபகம் வருகிறது. 1970களின் கடைசியில் ஏர் இந்தியாவின் போயிங் 707 இங்கிருந்து நேராக அங்கே போகத் தொடங்கியது. 1991இல் நமக்குச் சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. நாலு பெருநகரங்களுக்கு அடுத்தபடி முதலில் கிடைத்தது நமக்கே. 2005 ஏப்ரல் 29ஆம் தேதி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் விமானத்தை விட்டது திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு. தூரம் 2,950 கிலோமீட்டர், நாலு மணி நேரம். போகும்போது கொஞ்சம் அதிகம், வரும்போது கொஞ்சம் குறைவு. மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று திரும்பி வருகிறவனைத் தள்ளிவிடுகிறது.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அளந்தால் நம் ஊர் எத்தனை விசித்திரமான இடத்தில் இருக்கிறது என்பது தெரியும். இங்கிருந்து கொழும்பு விமான நிலையம் 360 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னை 615 கிலோமீட்டர். மாலத்தீவின் மாலே கூடச் சென்னையைவிட ஒரு பிடி கிட்டே. டெல்லி 2,230 கிலோமீட்டர். பாஸ்போர்ட் கேட்கும் இரண்டு ஊர்கள், கேட்காத சென்னையைவிடப் பக்கத்தில்! மொழி, மலை, மகாநதி என்று தேசாந்தரத்துக்கு இலக்கணம் சொன்ன ரிஷிகள் இமிக்ரேஷன் கவுண்டரையும் சேர்த்திருப்பார்கள்.

இனி நியூயார்க். நம் பிள்ளைகளில் பலர் இருக்கும் பக்கம் அது. கணக்குப்படி 13,780 கிலோமீட்டர். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று நேர் மேற்கே போவதுதான் குறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறும். குஜராத், ஆப்கானிஸ்தான் எல்லை, ரஷ்யா, பின்லாந்து, ஐஸ்லாந்தின் தெற்குக் கரை, கிரீன்லாந்து முனை என்று 64 பாகை அக்ஷாம்சத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். நேர் விமானம் இங்கிருந்து கிடையாது. வளைகுடாவிலோ டெல்லியிலோ மாறி ஏற வேண்டும். போதாக்குறைக்கு ஆகாயத்திலும் வேலிகள் உண்டு. 2025 ஏப்ரல் 24ஆம் தேதி பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் பல மணி நேரம் சுற்ற வேண்டிவந்தது. ஊர் நகரவில்லை, தூரம் கூடிவிட்டது. அங்கே ஏறி இங்கே இறங்க எப்படிப் பார்த்தாலும் இருபது மணிக்கு மேல். வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தால் முப்பது.

நாலைந்து வருஷத்துக்கு முன் நம் தெருவில் ஒரு பெரியவர் ராத்திரி பதினோரு மணிக்குக் காலமானார். ஒரே பிள்ளை அமெரிக்காவில். வாட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது உயிர் பிரிந்தது. செய்தி போக ஒரு விநாடி கூட ஆகவில்லை. அவன் அரை மணியில் டிக்கெட் எடுத்துவிட்டான். ஐஸ் பெட்டி வந்தது. சவத்தை ராத்தங்க வைத்துக்கொள்ளலாமா என்று வயசானவர்கள் முணுமுணுத்தார்கள். வந்திருந்த சாஸ்திரிகள் நல்ல விவேகி. "கர்த்தா வழியில் இருக்கான். வரட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். மூன்றாம் நாள் விடிகாலை பிள்ளை வந்து, குளித்து, கொள்ளி வைத்தான். அவனுடைய அம்மா அந்த முப்பத்தோரு மணி நேரமும் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் "வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் விமானம் எந்தக் கடலுக்கு மேல் இருக்கிறது என்று காட்டும் படத்தைப் பேரன் ஒருவன் அவளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தான்.

நான் அங்கே உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். 1936இல் பம்பாயிலிருந்து பெரிய தாத்தா கடந்தது இரண்டாயிரம் கிலோமீட்டர், நாலு நாளுக்கு மேல். இவன் கடந்தது அதைப்போல ஏழு மடங்கு, ஒன்றேகால் நாளில். வேகத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் கணக்கு விமானத்தின் வேகத்தில் இல்லை. செய்தி எவ்வளவு முந்தி வந்ததோ, அத்தனைக்கு அத்தனை காத்திருப்பு நீளம். பத்து ராத்திரி என்று எழுதிவைத்தவர்கள் இதை அறிந்துதான் எழுதினார்களோ என்னவோ. தாய் தகப்பன் விஷயத்தில் மட்டும் தேசாந்தரம், தாமதம் என்ற சலுகையே பிள்ளைக்கு இல்லை. வருஷம் கழித்துக் கேட்டாலும் கேட்ட நாள் முதல் பத்து நாள் என்று வேறொரு வசனம் இருக்கிறது.

பம்பாய் விஷயத்தில் ஒரு சின்னத் தகராறும் எனக்கு உண்டு. "இரண்டே மணி நேரம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். வலியசாலையிலிருந்து விமான நிலையம் நேர்கோட்டில் நாலு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவில் இருபது நிமிஷம். இரண்டு மணி முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆகாயத்தில் ஒன்றே முக்கால் மணி, ஓடுபாதையில் ஊர்வதெல்லாம் சேர்த்து இரண்டேகால். அங்கே பெட்டி வர அரை மணி, மாதுங்கா போய்ச்சேர ஒரு மணி. ஆகமொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல். வின்சென்ட் எட்டே முக்கால் மணி பறந்தார். தொண்ணூறு வருஷ முன்னேற்றத்தில் ஆகாயத்தில் மிச்சம் பிடித்த ஏழு மணி நேரத்தில் பாதிக்கு மேல் தரையில் கொடுத்துவிட்டோம்.

1998 ஜனவரி 26ஆம் தேதி கொங்கண் ரயில் திறந்தது நம்மவர்களில் நிறையப் பேருக்கு விமானத்தைவிடப் பெரிய சௌகரியம். பழைய பாலக்காடு–ரேணிகுண்டா–குண்டக்கல் வழியில் இரண்டு ராத்திரி போன பயணம் முப்பது மணி நேரச் சொச்சமாயிற்று. அந்தப் பாதை போவதும் வின்சென்ட் கண்ணால் பார்த்துப் பறந்த அதே கடற்கரை ஓரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1935 நவம்பரில் இங்கிருந்து முதல் விமானத்தில் போன தபாலில் நம் கிராமத்திலிருந்து பம்பாயில் இருந்த உறவினர்களுக்கு யாராவது கடிதம் போட்டிருக்கலாம். அந்த நாள் முத்திரை விழுந்த உறை எந்த அகத்துப் பரணிலாவது, பெரியவர்களுடைய தகரப் பெட்டியிலாவது இருந்தால் பழைய காகிதத்தோடு போட்டுவிட வேண்டாம். நவம்பர் 1 என்ற தேதியை மட்டும் பாருங்கள். கிடைத்தவர்கள் சபை ஆபீசில் காட்டினால் படமெடுத்து அடுத்த இதழில் போடலாம். உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.